பூசணம் பூத்த அறை

எங்கள் நூலகத்தில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவள் நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மாட்டினேன். முப்பத்தொரு வருடம் ஆகிறது. நீங்கள் சோதனை போட வந்தபோது வாசிப்பறை வாசலில் பார்த்திருப்பீர்கள், நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு பேராசிரியர்கள் விரலை நாக்கில் வைப்பார்கள். அந்தப் பக்கத்தை அடுத்தவர் தொடுவார். பிறகு அவரும் விரலை நாக்கில் வைப்பார்.

நான் அழுக்கைப் பொறுக்காதவள். உங்கள் குறிப்பில் இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் புரிய வசதியாக இருக்கும்.

குல்பாரா என்று பெயர். வயது ஐம்பத்தைந்து. பிஷ்கெக்கில் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் செப்பனிடும் பிரிவுக்கு நான் தலைவி. கிழிந்ததை ஒட்டுவது, பிரிந்ததைத் தைப்பது, அட்டை கட்டுவது எங்கள் வேலை. பிரிவில் நான்கு பேர். அதில் சிர்காவைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

சிர்கா நாரின் மலைப்பக்கத்திலிருந்து வந்தவள். வந்தபோது இருபத்து மூன்று வயது. கெட்டிக்காரி, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அவள் கைக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. பொடிந்து விழும் காகிதத்தைக்கூட அவள் தூக்கினால் அது முழுசாக எழுந்து வரும். ஆனால் மேஜையிலேயே சூரியகாந்தி விதை கொறிப்பாள். உமி உதட்டில் ஒட்டியிருக்கும், அதோடு பேசுவாள். மதியம் சாப்பிட்ட ஆட்டுக்கொழுப்பு அவள் விரல் நகத்தின் ஓரத்தில் பளபளக்கும். அதே விரல்தான் இருநூறு வருடத்துக் கையெழுத்துப் பிரதியைத் தொடும். எனக்குத் தொண்டைவரை குமட்டிக்கொண்டு வரும். "கை கழுவிட்டு வா" என்பேன். "எஜே, உங்களை விட்டா புத்தகத்தைப் படிக்கிறவங்களையே டெட்டால்ல முக்கிடுவீங்க" என்று சிரித்துக்கொண்டே போவாள். எஜே என்று அக்காவைக் கூப்பிடுவது போலத்தான் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் கூப்பிடும்போது மட்டும் அதில் ஏதோ ஒட்டும்.

சென்ற வருடம் பிப்ரவரியில் வெந்நீர்க் குழாய் வெடித்தது. மூன்று நாள் விடுமுறை, நூலகம் பூட்டியிருந்தது. கட்டடம் முழுக்கச் சூடேற்றும் அந்தக் கொதிநீர் மூன்று நாளும் நிலவறைக்குள் கொட்டியிருக்கிறது. கதவைத் திறந்தபோது அடித்த ஆவியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. புத்தகங்கள் ஊறி, வீங்கி, அலமாரியை நெருக்கிப் பிதுங்கி நின்றன. பத்தாம் நாள் பூசணம் பூத்துவிட்டது. தோல் அட்டைகளின் மேல் பூனை ரோமம் போலச் சாம்பல் நிறம். உள்ளே பச்சை, கறுப்பு, சில இடங்களில் ஈறு நிறத்தில் ஒரு சிவப்பு. ஒரு புத்தகத்தைத் தொட்டேன், அட்டை வேகவைத்த இறைச்சியின் தோல் போல எலும்பைவிட்டு வழுக்கிக் கையோடு வந்தது. நான் வெளியே ஓடி வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். சிர்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

எங்கள் இயக்குநர் எசென்பெக் உலகத்தில் உள்ள எல்லா நூலகத்துக்கும் கடிதம் போட்டார். எஸ்தோனியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகம் பதில் போட்டது. இரண்டு நூலகங்களுக்கும் இடையே பணியாளர் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். அங்கிருந்து ஒருவர் வந்து ஒரு மாதம் எங்களுக்குக் கற்றுக்கொடுப்பார். இங்கிருந்து ஒருவர் போய் ஆறு மாதம் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இரண்டு கொடி, ஒரு பெரிய கேக், படம் எடுக்கிறவர். எசென்பெக் என்னிடம், "கொஞ்சம் சிரிங்க எஜே. ஐரோப்பா வந்திருக்கு, நீங்க என்னவோ பல் பிடுங்க வந்த மாதிரி நிக்கறீங்க" என்றார்.

நான் சிரித்தேன். ஒப்பந்தத்தின் நான்காவது பத்தியில், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று இருந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் படித்தேன்.

ஏப்ரலில் எஸ்தோனியாவிலிருந்து ஹெல்யு வந்தாள். அறுபது வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, எங்களைப் போலவே பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவள், ஆகவே பேச்சுக்குக் கஷ்டமில்லை. சுத்தமான பெண். கையுறையைக் கழற்றும்போதுகூட வெளிப்பக்கம் தோலில் படாமல் உரிப்பாள். எனக்கு அவளைப் பிடித்தது. வந்த இரண்டாம் நாளே, "இந்த ஊர்ல ரொம்பப் பெரிய குளிர்ப்பெட்டி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். உறைய வைத்தால் பூசணம் வளராது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சுத்தம் செய்யலாம் என்றாள்.

"ஆட்டுக்கறி மொத்த வியாபாரிகிட்ட" என்றாள் சிர்கா. அவளுடைய சித்தப்பா ஒருவர் அந்தத் தொழிலில் இருந்தார். இரண்டாயிரம் புத்தகங்களைப் பொட்டலம் கட்டி, தோலுரித்துத் தொங்கிய ஆடுகளுக்கு நடுவே அடுக்கினோம். "இனிமே நம்ம புத்தகத்தையெல்லாம் வெங்காயம் போட்டுத்தான் படிக்கணும்" என்றாள் சிர்கா. ஹெல்யு விழுந்து விழுந்து சிரித்தாள். என் மேல்கோட்டில் ரத்தம் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அந்தக் கோட்டை நான் அப்புறம் போடவே இல்லை.

ஹெல்யு ஒரு பெட்டி நிறைய முகமூடிகளும் அவற்றில் திருகி மாட்டும் ஃபில்டர்களும் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு ஃபில்டரையும் பிரித்ததும் அதன் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதுவாள். ஒரு வாரத்துக்கு மேல் ஒன்றைப் போடக் கூடாது. மூச்சின் ஈரத்தில் அதற்குள்ளேயே பூசணம் முளைத்துவிடும், பிறகு அதையே உறிஞ்சிக்கொண்டிருப்போம் என்றாள். பிறகு நுரையீரலைப் பற்றிச் சொன்னாள். அதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"பூசணத்துக்குக் காகிதம், மனுஷன்னு வித்தியாசமெல்லாம் கிடையாது. ஈரம் இருக்கணும், திங்க ஏதாவது இருக்கணும். சின்ன வயசுல காசநோய் வந்து ஆறினவங்களுக்கு நுரையீரல்ல ஒரு பொந்து மிச்சம் இருக்கும். இது அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். பந்து மாதிரி வளரும். ஒருநாள் ரத்தக் குழாயை அரிச்சிடும். அப்படிப்பட்டவங்க யாரும் இந்த அறைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசி வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டேன். அந்த நோட்டு இப்போது உங்களிடம் இருக்கிறது. பரிமாற்றத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த கல்வி அதுதான்.

சிர்காவை அனுப்புவதென்று ஹெல்யு முடிவுசெய்தாள். உடல்நலப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. மறுநாள் கருவி அறையில் நான் தனியாக இருந்தபோது சிர்கா அந்தப் படிவத்தோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எஜே, ஒன்பதாவது கேள்வி."

"அதுக்கென்ன?"

"எனக்குப் பதினாலு வயசுல டி.பி. வந்தது. எட்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இங்க யாருக்கும் தெரியாது. ஆமான்னு எழுதினா என்னை அனுப்ப மாட்டாங்க."

"இல்லன்னு எழுது."

"பொய்யாச்சே."

"அதான் சரியாப் போச்சே. போனதை எதுக்கு இழுக்கணும்? அங்க போய்ப் பூசண வேலை பக்கம் போகாம தையல், காகிதம்னு கத்துக்க. எழுது."

அவள் எழுதினாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் மூக்குத் தண்ணீர் என் கழுத்தில் பட்டது. நான் தள்ளிவிடவில்லை, அவள் போகும்வரை துடைக்கவும் இல்லை. இது நான் அவளுக்குச் செய்த நன்மை. அவளுடைய எதிர்காலத்தை நினைத்துத்தான் சொன்னேன். அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் போய் இந்த வருடம் பிப்ரவரி கடைசியில் திரும்பினாள். வந்தவள் வேறு ஆள். மேஜையில் எதுவும் தின்பதில்லை. ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கை கழுவினாள். வாசனையில்லாத சோப்பு. முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். ஆறு வருடமாக நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதையெல்லாம் யாரோ ஆறு மாதத்தில் செய்ய வைத்திருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் பக்கத்தில் வந்தால் அதே குமட்டல் வந்தது. காரணம் என்னவென்று தேடினேன். கிடைக்கவில்லை. சில அழுக்கு கண்ணுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் பெரிய கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். கற்றுவந்ததை அவள் எல்லோருக்கும் விளக்க வேண்டும். துறைத் தலைவர்கள், மாணவர்கள், திரையில் எஸ்தோனியாக்காரர்கள். முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் பேசினாள். பிறகு, "இது நம்ம நூலகத்துல முன்னாடி நடந்த தவறுகள்" என்று சொல்லிப் படம் காட்டத் தொடங்கினாள்.

நாற்பத்து மூன்று படங்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். செல்லோ டேப்பின் பசை பழுத்துச் சீழ் போலப் பக்கத்துக்குள் இறங்கியிருந்தது. வெள்ளைப் பசை காய்ந்து தோல் அட்டையை வெடிக்க வைத்திருந்தது. ஓரத்தில் அழகுக்காக வெட்டிய காகிதத்தோடு இரண்டு வரி எழுத்தும் போயிருந்தது. சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒவ்வொன்றும் என் கை வேலை. அந்தக் காலத்தில் எங்களுக்குச் சம்பளமே இல்லாத மாதங்கள் உண்டு, டேப்பை நான் சொந்தக் காசில் வாங்கினேன். பின்வரிசையில் ஒரு மாணவி "ஐயே" என்றாள். பக்கத்திலிருந்தவள் மூக்கைச் சுளித்தாள். என்னைப் பார்த்து அல்ல, படத்தைப் பார்த்துத்தான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் பெயரைச் சிர்கா சொல்லவில்லை. மறுநாள் வீட்டில் மாவு பிசைந்து பொரித்த போர்சோக் ஒரு பை கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். எண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது. "உங்களைச் சொல்லல எஜே. அப்ப வேற சாமானே இல்லியே, உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்குச் செஞ்சீங்க. எனக்குப் புரியும்" என்றாள். அவள் கண்ணில் இரக்கம் இருந்தது. மேலே எதையோ தடவிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

அந்த வாரமே எசென்பெக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் நீங்க ஓய்வு எடுத்துக்கலாமே எஜே, பேரப்பிள்ளைங்களைப் பாக்கலாம். சிர்கா பிரிவைப் பாத்துப்பா" என்றார். எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளும் இல்லை. இருபது வருடம் பக்கத்து அறையில் இருந்த மனிதருக்கு அது தெரியவில்லை.

ஏப்ரலில் குளிர்ப்பெட்டியிலிருந்து புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கின. நிலவறையில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பூசணத்தைத் துலக்கி எடுக்க வேண்டும். யார் எங்கே வேலை செய்வது என்று அட்டவணை போடுவது தலைவியின் பொறுப்பு. இன்னும் நான்தான் தலைவி. சிர்காவை வாரம் ஐந்து நாளும் நிலவறைக்குப் போட்டேன். அந்த வேலையை முறையாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கீழ என்னைப் போடாதீங்க எஜே. மேல உக்காந்து எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறேன்."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஹெல்யுவுக்குத் தெரியுமா?"

அவள் அட்டவணையை நான்காக மடித்தாள்.

"அவளுக்கு ஒரு வரி எழுதிடு. படிவத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு. அந்தக் கடிதத்தோட நகலைக் குடு, உடனே மாத்திடறேன்."

"எழுதினா என்னை மட்டுமில்ல எஜே, திட்டத்தையே நிறுத்திடுவாங்க. இந்த வருஷம் போக வேண்டிய பொண்ணுக்கும் போச்சு."

"அப்ப நீயே முடிவு பண்ணு."

நான் குரலை உயர்த்தவில்லை. அவள் கட்டைவிரல் நகத்தைப் பிய்த்தாள். பிறகு முடியைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். மிரட்டல் என்று நீங்கள் எழுதக்கூடும். நான் அவளிடம் விதியைத்தான் சொன்னேன், உண்மையைச் சொல்லும்படி கேட்டேன்.

ஃபில்டர்கள் என் இரும்பு அலமாரியில் இருந்தன. புதியவை நிறையவே இருந்தன. எங்கள் ஊரில் நல்ல பொருள் வந்தால் விருந்தாளிக்கு எடுத்துவைப்பது வழக்கம். எஸ்தோனியா நூலகத்திலிருந்து பார்வையிட வந்தால் காட்ட வேண்டுமே என்று வைத்திருந்தேன். முதலில் அப்படித்தான் நினைத்தேன். முந்தின வருடப் பயிற்சியில் எல்லோரும் போட்டுக் கழித்தவை ஒரு பிளாஸ்டிக் மூட்டையில் கிடந்தன. ஒரு வருடமாக ஈரத்தோடு கட்டிக் கிடந்த மூட்டை. திறந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பலருடைய மூச்சும் எச்சிலும் காய்ந்து உள் பஞ்சில் பழுப்பும் பச்சையுமாகப் புள்ளி கட்டியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். வெளி ஓட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, ஹெல்யு எழுதியிருந்த தேதியை அழித்து, புதுத் தேதி எழுதி, மெல்லிய தாளில் சுற்றினேன். சுத்தமான வேலை. திங்கட்கிழமை தோறும் ஒரு ஜோடி கொடுத்தேன்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். "இது புதுசுதானா எஜே? என் தம்பி காலுறை நாத்தம் அடிக்குது."

"பெட்டியில இருந்த வாடை."

"ஐரோப்பாக்காரங்களுக்கும் கால் நாறுமா?" என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள்.

மே கடைசியில் இருமத் தொடங்கினாள். ஜூனில் ஒருநாள் மேல்தளத்துக் கைகழுவும் தொட்டிப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள். வெள்ளைப் பீங்கானில் சளியோடு ஒரு சிவப்பு இழை கிடந்தது. "பாத்தீங்களா எஜே" என்றாள். நான் குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டேன், தொட்டியின் விளிம்பையும் துடைத்தேன். அழுக்கை அப்படியே போட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை. "தூசி தொண்டையைக் கீறியிருக்கும். பால் குடி" என்றேன்.

ஜூலை முதல் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பழைய காசநோயைப் பற்றி மருத்துவரிடம் அவளே சொல்லிவிட்டாள். அதுதான் திரும்பிவிட்டது என்று நினைத்து அதற்கான மருந்தைத் தொடங்கினார்கள். நிலவறையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. முதல் தடவை நான் பார்க்கப் போனபோது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வேலை பத்தி அந்த டாக்டரம்மா நூலகத்துக்கு எழுதிக் கேக்கப் போறாங்களாம். நிலவறை விஷயத்தை நீங்களே பாத்து எழுதிடுங்க எஜே. நான் சொன்னா, தெரிஞ்சே ஏம்மா போனேன்னு கேப்பாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது."

"நான் எழுதிடறேன். நீ தூங்கு" என்றேன்.

வாரம் இரண்டு தடவை அவளுக்குக் குமிஸ் கொண்டுபோனேன். குதிரைப்பால் புளித்த வாடை எனக்கு ஆகாது, பேருந்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். நெஞ்சு நோய்க்கு அதைவிட நல்லது இல்லை என்று எங்கள் மக்களுக்கு நம்பிக்கை. வார்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நாரினிலிருந்து அவள் அம்மா வந்திருந்தாள். வெயிலில் கறுத்த முகம், கையெல்லாம் வெடிப்பு. என்னைப் பார்த்ததும் பையிலிருந்து புது வெள்ளைத் தலைத்துணி ஒன்றை எடுத்துத் தன் கையாலேயே என் தலையில் கட்டிவிட்டாள். "நீ எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி. ஊரை விட்டு ஊரு வந்தவளுக்கு நீதான் தாயா இருந்திருக்கே" என்றாள். என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ஈரமான முத்தம். தாழ்வாரத்தில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டேன். துணியை அவிழ்க்கவில்லை, அது மரியாதையாக இருக்காது.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ரத்தம் கொப்பளித்தது. அம்மா பக்கத்தில் இருந்திருக்கிறாள். உயிர் போகக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை என்றார்கள். பிரேதப் பரிசோதனையில்தான் அந்தப் பூசணப் பந்தைக் கண்டுபிடித்தார்கள்.

எசென்பெக் பயிற்சி அறைக்கு அவள் பெயரை வைத்தார். நினைவுக் கூட்டத்தில் நான் பேசினேன். ஓய்வைப் பற்றி அதன் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

அக்டோபரில் ஹெல்யு வந்தாள். சிர்காவின் பெட்டியைத் தானே காலிசெய்ய வேண்டும், அம்மாவுக்குச் சாமான்களை அனுப்ப வேண்டும் என்றாள். முகமூடி அதில் கிடந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனதும் அவள் முகம் மாறியது. அதன் ஃபில்டரைப் புற ஊதா விளக்குக்கு அடியில் பிடித்தாள். அழித்த மையை அந்த விளக்கு காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு அதையும் அவள்தான் கற்றுத்தந்திருந்தாள். என் தேதிக்கு அடியில் ஒரு வருடத்துக்கு முந்தின தேதி மங்கலாக எழுந்து வந்தது.

"குல்பாரா" என்றாள். "இது என் கையெழுத்து."

நான் மறுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த விதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நிலவறைக் கதவைத் திறந்த நாளில் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். அவள் ஓரடி பின்னால் போனாள், நான் எங்கே தன்மேல் பட்டுவிடுவேனோ என்பது போல. அது நியாயமில்லை. அந்த அறையிலேயே சுத்தமாக இருந்தவள் நான்தான்.

இப்போது அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளுகிறீர்கள். ஆமாம், என் கையெழுத்துத்தான். படிவத்தில் பொய் எழுதச் சொன்னதை நன்மை என்றேன். அட்டவணையை விதி என்றேன். ஃபில்டரை வழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். இதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அதனால்தான் கடைசிக்கு வைத்தேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி மருத்துவரிடமிருந்து விசாரிப்பு வந்தது. நோயாளி வேலை செய்யும் இடத்தில் ஈரம், தூசி, பூசணம் ஏதாவது உண்டா, தெரிந்தால் அதற்கேற்ற பரிசோதனை செய்வோம், மருந்தையும் மாற்ற வேண்டியிருக்கும், அவசரம் என்று இருந்தது. அவசரம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஏழு வரி எழுதினேன். சிர்கா இரண்டாம் மாடியில், வெயில் படும் உலர்ந்த அறையில் நூற்பட்டியல் அட்டைகள் எழுதும் வேலை செய்கிறாள், பழைய புத்தகங்களைத் தொடுவதே இல்லை, நிலவறைக்கு ஒருநாளும் போனதில்லை. எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அவள் இதனால் செத்துப்போவாள் என்று எனக்குத் தெரியும். நோட்டில் கோடு போட்ட வரி மனப்பாடமாகவே இருந்தது. பிழை எதுவும் இல்லாததால் முத்திரை குத்தி, நானே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மற்ற அலுவலகங்களில் இதற்குப் பதில் வர மூன்று வாரம் ஆகும், நீங்கள் அன்றைக்கே கொடுத்துவிட்டீர்கள், ரொம்ப நன்றி என்றார். பிறகு, "அந்தப் பொண்ணுமேல உங்களுக்கு ரொம்பப் பிரியம் போல" என்றார்.

ஆமாம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.